கிரஷர் தூள் போட்ட மைதானம்

ஆஃப்சைடு விதியில் வந்திருக்கும் மாற்றங்களைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் கால்பந்து ரெஃப்ரி சங்கத்துக்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். அதை மதியத்துக்கு மேல் வருகிறவர் என்னைவிட நன்றாகச் சொல்வார். எனக்குக் கொடுத்த நேரத்தில் ஒரு மைதானத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். உங்களில் யாரும் அங்கே விசில் ஊதியிருக்க மாட்டீர்கள். இனிமேல் ஊதவும் முடியாது.

மொரப்பூர் ஸ்டேஷனில் எனக்குப் பாயின்ட்ஸ்மேன் வேலை, வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடுவது. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் ரெஃப்ரி. ஸ்டேஷனிலிருந்து தீர்த்தமலைப் பக்கம் போகிற ரோட்டில் பாதி வழியில் உள்ளே பிரிந்து போனால் ஒரு கல்குவாரி ஊர் வரும். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் பிழைக்கிறார்கள். ஒரு பக்கம் கருங்கல்லைப் பாளம் பாளமாக வெட்டி எடுக்கிற குவாரி. இன்னொரு பக்கம் மிஞ்சின கல்லை உடைத்து ஜல்லியாக்குகிற கிரஷர். ரெண்டுக்கும் ஒரே முதலாளி. ரெண்டுக்கும் நடுவில்தான் அந்த மைதானம் இருந்தது.

அதை யாரும் டெண்டர் விட்டுக் கட்டவில்லை. முதலில் அது வெறும் சரிவு. குவாரி ஆட்கள் லீவு நாளில் கழிவுக்கல்லைக் கொட்டி நிரவினார்கள். ஏற்றுமதிக்குப் போகாமல் விரிசல் விழுந்து கழிந்துபோன கல் பலகைகளை அடுக்கிக் காலரி போட்டார்கள். கம்பிரஷர் குழாயை வெட்டிக் கோல் போஸ்ட் நட்டார்கள். அந்த ஊரில் அதற்கு ஸ்டேடியம் என்று பெயர். தர்மபுரியிலிருந்து போகிற ரெஃப்ரிகள் நாங்கள் ஆரம்பத்தில் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிப்போம். ஃபைனல் அன்றைக்கு அரூரிலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் சனம் வந்து உட்காருவதைப் பார்த்த பிறகு நாங்களும் ஸ்டேடியம் என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டோம்.

புல் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் டோர்னமென்டுக்கு முன்னால் முதலாளி லோடு லோடாகக் கிரஷர் தூளை இலவசமாக அனுப்புவார். தண்ணீர் தெளித்து ரோலர் விட்டால் சிமென்ட் தரை மாதிரி ஆகிவிடும். முதல் பாதி முடிவதற்குள் வெயிலில் காய்ந்து கிளம்ப ஆரம்பிக்கும். ரெண்டாம் பாதியில் இருபத்திரண்டு பேரும் முழங்கால் வரைக்கும் வெள்ளையாக இருப்பார்கள். வீட்டுக்கு வந்து நான் மூக்கைச் சிந்தினால் கர்சீஃப் சாம்பல் நிறமாக இருக்கும். ஒரு நாள் ஆட்டம்தானே என்று துவைத்துப் போட்டுவிடுவேன்.

நான் முதலில் போனபோது அங்கே ஒரு பாதிக்கு நாற்பத்தைந்து நிமிஷம்தான். சில வருஷத்தில் நாற்பது ஆக்கினார்கள். வெளிச்சம் போய்விடுகிறது என்றார் கமிட்டிச் செயலாளர். அவர் கிரஷரில் மேனேஜர். பிறகு முப்பத்தைந்து. வெளியூர் டீமுக்குக் கடைசி பஸ் போய்விடுகிறதாம். கடைசியில் முப்பதில் வந்து நின்றது. சேலத்து டீம்காரர்கள், "என்னங்க, இது பள்ளிக்கூட மேட்ச்சுங்களா?" என்று கேலி செய்வார்கள். நானும் நேரத்தைக் குறைக்கச் சொல்கிற காரணங்களை நம்பினேன். வெளிச்சம் எந்த வருஷமும் ஒரே நேரத்துக்குத்தான் போனது என்பது எனக்குத் தோன்றவில்லை.

குவாரி டீமுக்குக் கேப்டன் முனியப்பன். குவாரியில் டிரில் அடிக்கிற வேலை. பாறையில் வெடி வைக்கவும் பிளக்கவும் ஓட்டை போடுவதுதான் டிரில். அந்தத் தூள் நேராக முகத்துக்கு வரும். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது இருக்கும். சென்டர் பேக். முரட்டு ஆட்டக்காரன் இல்லை. எதிராளியைத் தட்டிவிட்டால் தானே கை கொடுத்துத் தூக்கிவிடுவான். ரெண்டு குழந்தைகள். மனைவி பெயர் லட்சுமி. அவர்கள் வீட்டில் கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார்கள்.

நான் விசில் ஊத வந்த புதிதில் ஒரு சீனியர் ரெஃப்ரி சொல்வார், பந்து வைத்திருக்கிறவனை ஊரே பார்க்கும், நீ பந்து இல்லாதவனைப் பார் என்று. முதுகுக்குப் பின்னால் சட்டையைப் பிடித்து இழுப்பது, முழங்கையால் இடிப்பது எல்லாம் அங்கேதான் நடக்கும் என்பதற்காகச் சொன்னது. அப்படிப் பார்த்துப் பழகினதால்தான் அந்த ஃபைனலில் முனியப்பன் என் கண்ணில் பட்டான். ஓசூர் ஃபேக்டரி டீமோடு மேட்ச். இவர்கள் ஒரு கோல் முன்னால் இருந்தார்கள். சொந்த மைதானத்தில் அந்தக் கோப்பையை அவர்கள் ஒரு தடவைகூட வாங்கியதில்லை. ரெண்டாம் பாதி ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பந்து எதிர்ப்பக்கக் கோலுக்கு முன்னால் இருந்தது. முனியப்பன் இந்தப் பக்கம் கோல் போஸ்ட்டை ரெண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அடுத்த த்ரோ வந்தபோது அவன் பக்கத்தில் போனேன். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. கழுத்தில் எலும்புக்கு மேலே உள்ள குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. நெஞ்சிலிருந்து ஒரு சத்தம், ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரி.

"ஏம்ப்பா, வெளிய போயி ஒக்காரு. மாத்தாளு இருக்கறானில்ல."

"வேணாங்க சார்."

"உன் உதட்டப் பாத்தியா?"

அவன் பேச்சு ரெண்டு ரெண்டு சொல்லாகத்தான் வந்தது. "முதலாளி பாத்துக்கிட்டு இருக்காருங்க சார். இப்பிடிப் போனா, நாளைக்கே, ரெஸ்ட் எடுன்னு, சொல்லிருவாங்க."

அந்த ஊரில் ரெஸ்ட் என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். இருமுகிறவனை, மூச்சு வாங்குகிறவனை மேஸ்திரி கூப்பிட்டு, "வூட்ல இருந்து நல்லா ரெஸ்ட் எடுப்பா" என்பார். அவ்வளவுதான். திரும்பக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. என்ன நோய் என்று கேட்டால் டிபி என்பார்கள். டிபி என்றால் அவனாக வாங்கிக்கொண்டது, குவாரிக்குச் சம்பந்தம் இல்லை. அதனால் யாரும் வெளியில் இருமுவதில்லை. சட்டையைக் கடித்துக்கொண்டு இருமுவார்கள்.

காலரியின் மேல்படியில் ஷாமியானாவுக்குக் கீழே முதலாளி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மேனேஜர். இவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனால் அவர்கள் முன்னால்தான் போக வேண்டும். ஆட விட்டால் இன்னும் பத்து நிமிஷம் தாங்குவானா என்று எனக்குத் தெரியவில்லை. த்ரோ போடுகிறவன் பந்தைத் தலைக்கு மேல் தூக்கி நின்றுகொண்டு என் விசிலுக்காகக் காத்திருந்தான்.

நான் பாக்கெட்டில் கைவிட்டுச் சிவப்பு அட்டையை எடுத்தேன்.

முனியப்பன் என்னை வெறித்துப் பார்த்தான். "என்ன சார் பண்ணிப்புட்டேன்?"

"ஒன்னும் பண்ணல. கோவமா போ. என்னத் திட்டிக்கிட்டே போ."

ஒரு விநாடி நின்றான். அப்புறம் புரிந்தது. முகத்தைக் கோபமாக வைத்துக்கொள்ளப் பார்த்தான். திட்டுவதற்கு அவனுக்கு மூச்சு இல்லை. கேப்டன் பட்டையைக் கழற்றித் தரையில் அடித்தான். கோட்டுக்கு வெளியே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை உதைத்தான். காலரிக்குப் பின்பக்கம் இறங்கிப் போய்விட்டான். கெட்ட வார்த்தை பேசிவிட்டான், ரெஃப்ரி தூக்கிவிட்டான் என்று எல்லாரும் நம்பினார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது நீங்கள் ஊகிக்கக்கூடியதுதான். பத்துப் பேரோடு ஆடி ரெண்டு கோல் வாங்கித் தோற்றார்கள். கடைசி விசில் ஊதினதும் கல் வந்தது. அந்த ஊரில் கல்லைத் தேட வேண்டாம். லைனில் நின்ற தேவராஜுக்குக் காதுக்கு மேலே பிளந்து ரத்தம் சட்டையெல்லாம் ஓடியது. ரொம்ப வருஷமாக என்னோடு லைன் பார்த்தவர். அதோடு கொடியைக் கீழே வைத்தவர் பிறகு எடுக்கவே இல்லை. அவர் கேட்டது ஒரே கேள்விதான். "அவன் என்ன பேசுனான், எனக்கு ஒன்னும் கேக்கலயே?" அவருக்குக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. ஒருத்தருக்குச் சொன்னால் அது மேஸ்திரி வரைக்கும் போய்விடும் என்று பயந்தேன்.

யாரோ செல்போனில் எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. முனியப்பன் வாயே திறக்கவில்லை என்று அதில் தெரிந்தது. சங்கத்தில் விசாரணை வைத்தார்கள். எனக்கு இருக்கிற பேரும் போகப்போகிறது என்றுதான் போனேன். அங்கே முனியப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தான். கேட்டதும் எழுந்து நின்று, "ஆமாங்க. அவங்கம்மாவச் சேத்துத் திட்டிட்டேங்க. மெதுவாத்தான் சொன்னேன், போன்ல கேட்டிருக்காதுங்க" என்றான். ரெண்டு வருஷம் ஆடக் கூடாது என்று அவனுக்குத் தண்டனை கொடுத்தார்கள். அதையும் கும்பிட்டு வாங்கிக்கொண்டான்.

வெளியே டீக்கடையில் நின்றோம். ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். போயிட்டுத்தான் இருக்கேன், மாத்திரை குடுத்திருக்காங்க என்றான். வேறு ஏதாவது வேலை பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். "நீங்க காப்பாத்திக் குடுத்த வேல சார்" என்று சொல்லிச் சிரித்தான். டீயை முழுசாகக் குடிக்காமல் பஸ் பிடிக்கக் கிளம்பினான். மறுநாள் அவனுக்கு டிரில்லில் ஷிஃப்ட் இருந்தது.

அடுத்த டோர்னமென்டுக்கு முன்னால் செத்துப்போனான்.

துக்கத்துக்குப் போயிருந்தேன். லட்சுமி என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து வந்தாள். அழுது முடித்த முகம். குரல் தெளிவாக இருந்தது. "சிவப்பு அட்டைக்கு என்ன காரணம்னு அவரு எங்கிட்ட சொன்னாருங்க" என்றாள்.

"உங்க மேல கோவம் இல்லீங்க. ஒன்னே ஒன்னு மனசுல ஓடிக்கிட்டே இருக்குது. அன்னிக்கு அவரு எல்லாரு முன்னாடியும் வுழுந்திருந்தா வேல போயிருக்கும். வேல போயிருந்தா இன்னும் கொஞ்ச நாளு இருந்திருப்பாருங்களா?"

எனக்கு வைத்தியம் தெரியாது. தெரியலம்மா என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அன்றைக்கு அவனைக் காப்பாற்றினேன் என்று அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தது மட்டும் நின்றுபோனது.

அந்த வருஷமும் டோர்னமென்ட் நடந்தது. என்னை ஒதுக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் அந்த மைதானத்துக்கு விசில் ஊத வேறு யாரும் வரத் தயாராக இல்லை. செமிஃபைனல் கொடுத்தார்கள். முதல் பாதி முடியப்போகிற நேரத்தில் குவாரி டீமின் விங்கர் பெருமாள் ஓடிக்கொண்டிருந்தவன் நின்றான். கிரஷரில் கல் கொட்டுகிற வாயில் வேலை பார்க்கிறவன். கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்தான். பக்கத்தில் போவதற்கு முன்பே அந்த ஈரத் துணிச் சத்தம் எனக்குக் கேட்டது.

விசில் ஊதினேன். "ஒக்காருப்பா" என்று தோளைப் பிடித்து மைதானத்துக்கு நடுவிலேயே உட்கார வைத்தேன். ஆம்புலன்சுக்குப் போன் போடச் சொன்னேன்.

மேனேஜர் காலரியிலிருந்து இறங்கி வேகமாக வந்தார். "என்ன சார், வெயிலுதான். தண்ணி குடிச்சா சரியாப்போயிடும். ஓரமா படுக்க வெச்சுட்டு நீங்க ஆட்டத்த நடத்துங்க."

"ஆம்புலன்ஸ் வரட்டுங்க."

"மொதலாளி ஒக்காந்திருக்காரு சார்."

"ஒக்காரட்டுங்க. மூச்சு வாங்குற ஆள வெச்சுக்கிட்டு நான் விசில் ஊத மாட்டேன்."

பெருமாள் என் கால்சட்டையைப் பிடித்து இழுத்தான். "வேணாங்க சார், நான் ஆடிருவேன்" என்றான். அவன் கண்ணில் இருந்தது முனியப்பன் கண்ணில் இருந்த அதே பயம்தான். கையை விலக்கிவிட்டேன். அன்றைக்கு நான் செய்ததிலேயே கஷ்டமானது அதுதான். ஒருத்தன் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சும்போது அவன் நல்லதுக்கு என்று நாம் முடிவெடுக்கிறோம். அவன் வீட்டு அடுப்பு நமக்குத் தெரியாது.

அப்போது குவாரி டீமின் கோல்கீப்பர் வந்து பெருமாள் பக்கத்தில் உட்கார்ந்தான். துணைக்கு உட்காருகிறான் என்று நினைத்தேன். உட்கார்ந்ததும் இருமினான். சட்டையைக் கடிக்காமல், வாயைத் திறந்து, நன்றாக இருமினான். அப்புறம் பேக் ஆடுகிறவன் ஒருத்தன் வந்து உட்கார்ந்தான். அப்புறம் இன்னொருவன். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் டீமில் பாதிக்கு மேல் அந்தத் தூளில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்கள். காலரியிலிருந்து ஒரு கல்கூட வரவில்லை. கல் எறிந்த அதே சனம்தான். பெண்கள் படியை விட்டு இறங்கிக் கோட்டுக்கு அருகில் வந்து, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்கள். எதிர் டீம்காரர்கள் தண்ணீர் பாட்டில்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மேனேஜர் காலரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். முதலாளியின் நாற்காலி காலியாக இருந்தது.

தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். மறுநாள் நான் பார்க்கப் போனபோது டாக்டரம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இது டிபி இல்லை, நெஞ்சில் கல்தூள் என்றார். போன தூள் திரும்ப வராது, இனிமேல் போகாமல் இருக்கத்தான் பார்க்க வேண்டும் என்றார். முனியப்பனுக்குக் கொடுத்த மாத்திரைகள் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இதைக் கேட்டால் நியாயம் ஜெயித்த கதை மாதிரி இருக்கும். மிச்சத்தையும் கேளுங்கள். எக்ஸ்ரேக்குப் போன ஒவ்வொருத்தரையும் ரெஸ்ட் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். இழப்பீட்டுக்குக் கேஸ் போட்டார்கள், நடந்துகொண்டிருக்கிறது. அவர்கள் இடத்துக்கு வடக்கேயிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு யாரும் எக்ஸ்ரே எடுக்கவில்லை. டோர்னமென்ட் அந்த செமிஃபைனலோடு சரி. மறுவருஷம் முதலாளி மைதானத்துக்குக் கீழே நல்ல கல் இருக்கிறது என்று பெர்மிட் வாங்கினார். காலரிக் கல்லைத்தான் முதலில் எடுத்துக் கிரஷரில் போட்டார்களாம். இப்போது அது ஒரு குழி. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். சுற்றிலும் முள்வேலி போட்டிருக்கிறார்கள்.

தேவராஜ் என்னிடம் ஒருதரம் சொன்னார். "ஸ்டேடியத்த மூடுனது நீதான்னு ஊர்ல பேசிக்கறாங்கப்பா." அது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி நேரம் அந்த ஊர் சனம் வேறு எதையும் நினைக்காமல் உட்கார ஒரு இடம் இருந்தது. அதுவும் போனது.

போன மாசம் அரூர் பஸ் ஸ்டாண்டில் பெருமாளைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்க வந்திருந்தான். பஸ்ஸில் ஏற முதல் படியில் காலை வைத்துவிட்டு நின்றான். கண்டக்டர் விசில் ஊதாமல் பொறுமையாக நின்றார். நான் கையைப் பிடித்து ஏற்றிப் பக்கத்தில் உட்கார வைத்தேன். மூச்சு சமநிலைக்கு வந்த பிறகுதான் கேட்டேன்.

"எப்பிடி இருக்கறப்பா?"

"இருக்கேன் சார். டாக்டரம்மா சொல்றாங்க, அப்பவே நிறுத்துனதால இன்னும் ஓடுதுன்னு. மொவ பத்தாவது எழுதறா."

எனக்குப் பாரம் கொஞ்சம் இறங்கினது. லட்சுமி கேட்டதற்கு பாதிப் பதிலாவது கிடைத்த மாதிரி இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் அடுத்ததைக் கேட்டேன்.

"வூட்டுச் செலவுக்கு?"

"வூட்டுக்காரி வேலைக்குப் போறா சார்."

"எங்க?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான். "கிரஷருக்குத்தான். எம் எடத்துக்கு."

வாயில் துணி கட்டிக்கொண்டு போகிறாளா என்று கேட்டேன். கட்டுகிறாள், சாயங்காலம் வந்து அதை உதறினால் வாசலில் வெள்ளையாக விழுகிறது என்றான். அவன் இறங்குகிற ஊர் வந்ததும் கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கிப் போனான்.

உங்களில் யாருக்காவது இந்தச் சீசனில் குவாரி டீமோ கிரஷர் டீமோ ஆடுகிற மேட்ச் கொடுப்பார்கள். ஆட்டக்காரனுக்கு உடம்பு மோசம் என்று ரெஃப்ரி நினைத்தால் ஆட்டத்தை நிறுத்தலாம் என்று விதி இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் ரெஃப்ரி பரீட்சை பாஸ் பண்ணியிருப்பீர்கள். நிறுத்துங்கள். சிவப்பு அட்டை எடுத்து யாரையும் ஒளிக்காதீர்கள். ஆனால் நிறுத்தினதோடு நம் வேலை முடிந்தது என்று பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள். நான் ரெண்டு தடவையும் பஸ் ஏறினேன். ஆம்புலன்ஸ் கிளம்பின பிறகு அங்கேயே இருங்கள். அவன் வீட்டுக்காரி எங்கே நிற்கிறாள் என்று தேடுங்கள்.